ஆறு குழாய்ச் சிறகும் ஒரு கதிர்க்கல்லும்

கோகிலவாணி ஆறாவது குழாயை ஒட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. சபரிநாதனுக்குச் சளியும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. அண்ணி என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு இருமல் வந்துவிடும்.

அவள் நிமிரவில்லை. மடியில் இருந்தது அரசு அங்கீகரித்த உரிமை ஏவல் பெட்டி. ஓர் அட்டைக் குழாய், மூக்குக் கூம்பு, மடித்த பாராசூட், விரல் கனத்தில் ஓர் எரி உருளை. வழக்கமாக எல்லோரும் தகட்டுச் சிறகு வைத்த ராக்கெட்டைத்தான் வாங்குவார்கள். ஒட்டும்போது ஒரு தகடு இம்மி பிசகினாலும் அது வானத்தில் கோணிக்கொண்டு போகும். அதனால் இவள் குழாய்ச் சிறகு கேட்டு வாங்கினாள். உடல் குழாயைச் சுற்றி அதே பருமனில் ஆறு குட்டைக் குழாய்களை நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கச்சிதமாக உட்கார்ந்துவிடும். கோணலாக ஒட்ட வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது. ராக்கெட் கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் நேராகப் போகும்.

நேராகப் போவதுதான் அவளுக்கு வேண்டும். அவளுடைய வானம் முப்பதடி அகலம்.

கதிர்க்கல் வந்த பிறகுதான் கோயம்புத்தூரில் மனிதர்கள் வானத்துக்காக அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதுவரை தரைக்காக மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க அது மூன்றடி உயரத் தூண்தான். எல்லைச் சுவரின் நடுவே நட்டுவிட்டால், உள்ளே இருக்கும் கருவி சுவரின் நீளத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத வான்வேலி ஒன்றை எழுப்பும். இந்தப் பக்கத்துப் பொருள் எதுவும் அந்தப் பக்கம் போகாது. போனால் கருகும். காக்கை குருவிக்கு மட்டும் விலக்கு உண்டு. கூடவே ஒற்றைக்கோட்டுச் சட்டமும் வந்தது. கல் காட்டும் கோடுதான் எல்லை, மேலே ஆனாலும் கீழே ஆனாலும்.

அந்தச் சட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது. வானத்தைச் சும்மா போட்டு வைத்தால் அது அனுபவிக்கிற பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போய்விடும். போகாமல் இருக்க, சொந்தக்காரர் தன் கையால் செய்த ராக்கெட்டை ஆயிரம் அடி ஏற்றி, தன் எல்லைக்குள்ளேயே இறக்கிக் காட்ட வேண்டும். கோகிலவாணியின் கணவன் இருந்தவரை அவன் செய்து வந்தான். அவன் போய்விட்டான். கெடு இந்த வாரத்தோடு முடிகிறது.

வானம் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. சபரிநாதன் ஒரு மிதப்புமாடிக்கு முன்பணம் கட்டிவிட்டான். அவள் மொட்டை மாடிக்கு இருபதடி மேலே அது அந்தரத்தில் நிற்கும். அதில் குளியலறை எங்கே வரும், கழிவறை எங்கே வரும் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். கழிவறை சரியாக அவள் துளசிச் செடிக்கு மேலே வந்தது. கொழுந்தனின் கழிவறைக்குக் கீழே மிச்சக் காலத்தை ஓட்டுவதை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை காற்றே இல்லை. முற்றத்தின் நடுவில் ஏவுகம்பியை நிறுத்தி, கொத்தனாரின் தூக்குக்குண்டைப் பிடித்துச் செங்குத்தா என்று நான்கு பக்கமும் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். ஆறு குழாய்களும் ஊதல் போட்டுக்கொண்டு ராக்கெட் கிளம்பியது. நூல் பிடித்த மாதிரி நேராக ஏறியது. பாதி உயரத்தைத் தாண்டியிருக்கும், ஒன்றுமில்லாத இடத்தில் நீலமாக ஒரு வெளிச்சம் அடித்தது. அட்டைக் கரி அவள் தலைமேல் உதிர்ந்தது.

சுவருக்கு மேல் சபரிநாதனின் முகம் முளைத்தது. இப்போது இருமல் இல்லை.

"வேலியில மோதிருச்சுங்க அண்ணி. அது என்ற வானம். புகார் குடுக்காம இருக்க முடியாதுங்க."

அவன் போன் செய்ய உள்ளே போனான். அவள் தலையில் இருந்த கரியைத் தட்டக்கூட இல்லை. ஆறு குழாய் பொய் சொல்லாது, கம்பி செங்குத்து, காற்றும் இல்லை. அப்படியானால் கோணல் ராக்கெட்டில் இல்லை. தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு போய்க் கதிர்க்கல்லின் மேல் பிடித்தாள். கல்லின் தலை அவள் பக்கமாக ஓர் அங்குலம் சாய்ந்திருந்தது.

இடம் நகர்ந்தால் அலறும்படித்தான் அந்தக் கல்லைச் செய்திருந்தார்கள். சாய்ந்தால் அலறாது. நம் ஊரில் விற்கப்போகிற பொருளை இப்படியும் செய்வார்களா என்று கேட்கலாம். செய்தார்கள். மூன்றடிக்கு ஓர் அங்குலம் என்றால் ஆயிரம் அடிக்கு இருபத்தெட்டு அடி. முப்பதடி வானத்தில் அவளுக்கு மிச்சம் வைத்திருந்தது இரண்டடி. அண்ணன் செத்து அழுகை அடங்குவதற்குள் அவன் கடப்பாரை எடுத்திருக்கிறான். கத்தி ஊரைக் கூட்டத்தான் வாயைத் திறந்தாள். கூட்டினால் என்ன ஆகும்? கல்லை நிமிர்த்துவார்கள். சின்னதாக ஓர் அபராதம் போடுவார்கள். அடுத்த மழையில் மண் இளகியதும் மறுபடி சாய்ப்பான். அவள் வாயை மூடிக்கொண்டு கல்லின் அடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வான் அளவர் எபனேசர் வந்தபோது தெருவே வாசலில் நின்றது. கல்லை ஒருமுறை அளந்து பார்த்துவிடலாமா என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். சபரிநாதனுக்கு வந்ததே கோபம். பங்கு பிரித்தபோது அப்பா தன் கையால் மஞ்சள் பூசி நட்ட கல் என்றான். அதை அளப்பது செத்தவரைச் சந்தேகப்படுவது என்றான். அதோடு நிற்காமல் கல்லின் தலையில் கற்பூரம் கொளுத்தி வைத்து, அளவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னான். இந்தக் கல் அசைக்கப்படவில்லை, இது காட்டும் கோடே மேலும் கீழும் எனக்கு எல்லை, இனி மாற்றிப் பேச மாட்டேன். உள்ளங்கையால் ஓங்கி அடித்துக் கற்பூரத்தை அணைத்தான்.

இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டால் கோடு நிரந்தரம், அப்புறம் நீதிமன்றம் போனாலும் நடக்காது, யோசித்துச் சொல்லுங்கள் என்று எபனேசர் கோகிலவாணியை எச்சரித்தார். ஏற்றுக்கொள்கிறேன் என்றாள். கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். சபரிநாதன் மீசையைத் தடவிக்கொண்டான்.

"நான் இனி ராக்கெட் விடலீங்க, வானம் தம்பியே வெச்சுக்கட்டுமுங்க. அப்படியே கீழயும் கோடு போட்டுக் குடுத்துருங்க."

எபனேசர் தன் அளவுக் கருவியைத் தலைகீழாகத் திருப்பினார். மேலே அவள் பக்கம் சாய்கிற கோடு மண்ணுக்குள் அவன் பக்கம்தானே சாயும்? இந்த அற்பக் கணக்கு பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது, ஆனால் கடப்பாரையைத் தூக்குகிற நேரத்தில் எவனுக்கும் ஞாபகம் வருவதில்லை. சபரிநாதனின் ஆழ்துளைக் கிணறு வாஸ்து பார்த்து ஈசானிய மூலையில், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி எண்ணூறு அடிக்குப் போட்டது. நூறடி தாண்டியதுமே குழாய் கோட்டைக் கடந்து அவளுடைய மண்ணுக்குள் போய்விட்டது. தண்ணீர் முழுக்க அவளுக்கு.

"கல்லு கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் சாஞ்சிருக்குமுங்க," என்றான் சபரிநாதன். குரல் தேய்ந்திருந்தது.

"கற்பூரம் இன்னும் சூடா இருக்குதே," என்றார் எபனேசர். மோட்டாருக்கு அன்றைக்கே முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் கிணற்றின் வாய் அவன் மண்ணில் இருந்தது. தன் தண்ணீரை எடுக்க அவள் அவன் முற்றத்துக்குள் கால் வைக்க வேண்டும். அவன் விடவில்லை, விடுவான் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. தன் பக்கம் புதுக் கிணறு போட அவளிடம் காசும் இல்லை. எண்ணூறு அடி ஆழத்தில் தண்ணீர் இரண்டு பேருக்கும் இல்லாமல் கிடந்தது. கெடு முடிந்து அவள் வானம் அவனுக்குப் போனதும் மிதப்புமாடி வந்து அவள் துளசி மேல் நிழல் போட்டது. லாரித் தண்ணீரின் குழாய் அவ்வளவு உயரம் எட்டாது. சபரிநாதன் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு ஏறினான். வாசலில் லாரி வந்து நின்றால் இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள். தெருவில் மற்றவர்கள் கதிர்க்கல்லை எந்தப் பக்கம் சாய்த்தால் லாபம் என்று வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

எபனேசருக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருநாள் வந்து, இருவரும் ஒத்துக்கொண்டால் கோட்டை ரத்து செய்ய மேலிடத்தில் தானே பேசுவதாகச் சொன்னார். சபரிநாதன் அழாத குறையாகச் சம்மதித்துவிட்டானாம். கல்லை நிமிர்த்திவிடலாம், உங்களுக்கு வெயில் வரும், அவருக்குத் தண்ணீர் வரும் என்றார். கோகிலவாணி லாரியில் பிடித்த குடத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டாள். நிழலில் இருந்து இருந்து முகம் வெளிறியிருந்தது.

"எனக்கு வெயிலும் வேண்டாமுங்க, தண்ணியும் வேண்டாமுங்க. அவருக்கு வராம இருந்தாச் சரி."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.