நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்?

எங்கள் தெருவில் காலையில் யாரும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "மைலேஜ் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்புக்குக் கீழே வண்டியின் மைலேஜைப் போடுகிற காலம் இது. ஞானதுரை அண்ணாச்சி தன் காரைத் தட்டிக்கொண்டு "லிட்டருக்கு இருபது!" என்று தெருமுனை வரை கேட்கச் சொல்வார். தண்ணீர் லாரி ஓட்டுகிற நான், "நாலு" என்று வாய்க்குள் முனகிவிட்டு வண்டியில் ஏறிவிடுவேன்.

2093-ஆம் ஆண்டுத் தூத்துக்குடியில் பெட்ரோல் ஏது? கடலில் வளர்க்கிற பாசியின் எண்ணெய்தான். அதுவும் தெருவுக்கு இவ்வளவு என்று மாத அளவு உண்டு. வேலைக்கு மட்டுமே வண்டி எடுக்கலாம்; வேறு பயணம் என்றால், மிச்சம் இருந்து தெருவும் சம்மதிக்க வேண்டும். அளவு மீறினால், தெருவிலேயே அதிகம் குடிக்கிற வண்டியை உடைத்துப் போடுகிற நொறுக்காலைக்கு இழுத்துப் போய்விடுவார்கள்.

இந்த மாதம் எங்கள் அளவில் அறுபது லிட்டரை வெட்டிவிட்டார்கள். ஆறுதலுக்கு ஒரே ஒரு சிக்கனப்பொறி கொடுத்தார்கள். எஞ்சினில் மாட்டினால் எண்ணெய் மிச்சமாகும். யார் வண்டிக்கு என்று முடிவு செய்யத் தெருவே கூடியது. அளவு மீறினால் முதலில் இழுபடுவது என் லாரிதான். லாரி போனால் பதினோரு வருஷப் பிழைப்பு போச்சு.

சுவரிலிருந்த தெருமூளை, எங்கள் கணக்குகளைப் பார்க்கிற கணினி, அறிவித்தது: "பொறி மாட்டினால் கார் இருபதிலிருந்து நாற்பது கொடுக்கும். லாரி நாலிலிருந்து ஆறு கொடுக்கும்."

ஒரே கைதட்டல். "எனக்கு இருபது கூடுது, செர்மக்கனிக்கு ரெண்டே ரெண்டு! இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரெண்டுன்னா இளக்காரமா அண்ணாச்சி? எண்ணெய் நிலையத்துல தினமும் நிக்கிறவ நான். என் டேங்க் விழுங்குறது எனக்குல்ல தெரியும்! ஏய் தெருமூளை, எவ்வளவு கொடுக்கும்னு சொன்னது போதும். நூறு கிலோமீட்டர் ஓட எவ்வளவு குடிக்கும்? அதைச் சொல்லு."

"இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை" என்றது அது, கொஞ்சம் கோபித்துக்கொண்ட மாதிரி. "கார் இப்போது ஐந்து லிட்டர் குடிக்கிறது. அது இரண்டரை ஆகும். லாரி குடிப்பது இருபத்தைந்து. அது பதினேழுக்கும் கீழே இறங்கும். இரண்டுமே மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகின்றன. ஆகவே காரில் மிச்சம் இருபத்தைந்து லிட்டர். லாரியில் எண்பத்து மூன்று."

அறுபதை ஈடுகட்ட லாரியால்தான் முடியும். சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிட்டது. முதல் கையை அண்ணாச்சியே தூக்கினார், எனக்காக. அட, மனுஷன்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அவர் தயங்கித் தயங்கி வந்தார். "அறுபது போக இருபத்து மூணு மிச்சம் இருக்குமே, செர்மக்கனி. அதைத் தெருவே பேசி யாருக்காவது கொடுக்கலாம்தானே? மக மதுரையில இருக்கா. பேரன் பிறந்து மூணு வருஷமாச்சு. போன்லதான் பார்த்திருக்கேன்."

"போக வர எவ்வளவு ஆகும்?"

"முந்நூறு கிலோமீட்டர்" என்றவர், விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "பதினஞ்சு லிட்டர் குடிக்கும்."

நான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், இன்னொரு தடவை கை தூக்க.