உள் அறையில் கணப்பு

குஞ்சம்மாளைத் தினமும் எழுப்புவது பேத்தியின் கால்கள்தான். விடிவதற்கு முன்பே ஸ்வேதா உள் அறைக் கட்டிலிலிருந்து இறங்கி, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, கிழவியின் போர்வைக்குள் புகுந்து, குளிர்ந்த இரண்டு பாதங்களையும் அவள் வயிற்றில் வைப்பாள். "ஐயோ, சனியனே!" என்று குஞ்சம்மாள் அலறுவாள். அந்த அலறலும் அதற்கு ஸ்வேதா சிரிக்கும் சிரிப்பும்தான் அந்த வீட்டுக்கு விடியல். அன்றைக்கு அடுப்படிக் கூரைத் தகரத்தின் ஓட்டையில் வெளிச்சம் வந்த பிறகும் யாரும் வரவில்லை.

முதலில் கிழவிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளை அசந்து தூங்குகிறது. பத்து நாளாக இருமி இருமி நெஞ்சு கட்டிக் கிடந்தது. மகள் மகாராணி திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனபோது, "இந்தக் குளுருல எம்புள்ளயப் பாத்துக்குவியாம்மா?" என்று ஒன்றுக்குப் பத்துத் தடவை கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள். இன்று சாயங்கால பஸ்ஸில் அவள் வருகிறாள். பொங்கல் கழிந்ததும் பிள்ளையைக் கையோடு கூட்டிப்போகிறாள். இருமல் இல்லாத பிள்ளையாக ஒப்படைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் குஞ்சம்மாளின் மனதில் இருந்தது.

அதனால்தான் நேற்று ராத்திரி அப்படிச் செய்தாள். மலையில் புல்லெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்குப் பனி கொட்டியது. வீட்டிலிருந்த கரி முழுவதையும் இரும்புச் சட்டியில் போட்டு, ஊதி ஊதிச் செக்கச் சிவக்கக் கனியவைத்து, ஸ்வேதாவின் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தாள். ஜன்னல் சந்தில் சாக்கைத் திணித்தாள். கதவைச் சாத்தி, அதன் அடியில் தன் பழைய சேலையைச் சுருட்டி அடைத்தாள். தனக்கென்று ஒரு துண்டு கரிகூட எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு மட்டும் போதும் என்று, அணைந்த அடுப்பின் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

இப்போது சேலையை உருவிவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து ஒரு கனத்த வெக்கை முகத்தில் வந்து மோதியது. தலை கிறுகிறுத்தது. சட்டியில் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஸ்வேதா சுவர்ப் பக்கம் திரும்பி, கம்பளியைக் கழுத்துவரை போர்த்தியபடி படுத்திருந்தாள். தெரிந்த ஒரு கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது; ஏரியைச் சுற்றிக் குதிரையில் போகும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இருக்குமே, அந்த மாதிரிச் சிவப்பு. இருமலே இல்லை. குஞ்சம்மாள் புறங்கையால் கன்னத்தைத் தொட்டுவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள்.

'என் கை மரத்துப்போய்க் கெடக்கு. இதுக்கு என்ன தெரியும்' என்று நினைத்துக்கொண்டாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பிறகு தினசரி வேலைகள் பிடித்துக்கொண்டன. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்திருந்தது. நமத்துப்போன தீப்பெட்டி மனுசியை அழவைத்தது. குழாய்த் தண்ணீர் கையில் பட்டதும் எலும்பு வரைக்கும் வலித்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மார்கழியைத் திட்டினாள். ஒரு வழியாக அடுப்பு பற்றியதும், சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த நாளிலிருந்து பழகியபடி, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பாலில்லாத சாயத்தண்ணியை உறிஞ்சினாள். அந்த முதல் வாய்க்காகவே குளிர்காலம் வரலாம் என்று தினமும் நினைப்பாள். இன்று அதில் ருசி தெரியவில்லை. பேத்திக்கு ஒரு டம்ளர் ஊற்றித் தட்டால் மூடிவைத்தாள்.

வாசலில் வெயில் வந்தது. அந்த ஒரு பாய் அளவு வெயிலுக்குப் பாட்டியும் பேத்தியும் தினமும் சண்டை போடுவார்கள். குஞ்சம்மாள் ஓரமாக உட்கார்ந்து, நடுவில் இடம் விட்டாள்.

"ஏ ஸ்வேதா! வெயிலு வந்துருச்சு, வெரசா வா!"

உள் அறைக் கதவு சாத்தியபடியே இருந்தது.

எழுந்து போய்ப் பார்க்கலாம். நாலு எட்டுத்தான். ஆனால் கீரை ஆய வேண்டியிருந்தது. துணி அலச வேண்டியிருந்தது. ஏற்கெனவே கூட்டிய வாசலை மறுபடியும் கூட்டினாள்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி லாட்ஜில் அறைகளைக் கூட்டிவிட்டு மத்தியானம் திரும்பிவந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

"என்ன பெரியம்மா, எங்க உங்க வாலு? சத்தத்தையே காணோம்?"

"தூங்குறா."

"இம்புட்டு நேரமாவா?"

"ராத்திரி பூரா இருமுனா புள்ள. இப்பத்தான் அசந்துருக்கா."

"இருமுனாளா? தெனமும் சொவரு வழியா கேக்கும். நேத்து ஒண்ணும் கேக்கலையே." சின்னத்தாயி வாசலில் கிடந்த சட்டியைப் பார்த்தாள். "கரிச்சட்டிய எங்க பெரியம்மா வச்சிருந்தீங்க?"

"அடுப்படியில." பொய் தானாகவே வந்துவிட்டது.

"அதான பாத்தேன். உள்ள மட்டும் வச்சிராதீங்க. போன வருசம் எங்க லாட்ஜுல ஒரு புருசன் பொஞ்சாதி, குளுருதுன்னு கரிய ரூமுக்குள்ள வச்சு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டுப் படுத்துருக்காங்க. காலைல நான்தான் கதவத் தட்டுனேன். ரெண்டு பேரும் மூஞ்சி செவந்து, தூங்குற மாதிரியே கெடந்தாங்க. அந்தப் புகை கண்ணுக்குத் தெரியாதாம், பெரியம்மா."

"ஐயோ பாவம்" என்றாள் குஞ்சம்மாள். அவள் வாய்தான் சொன்னது. கை கீரைக் காம்பைப் பொடிப்பொடியாகக் கிள்ளிக்கொண்டிருந்தது.

சின்னத்தாயி போனபின் உள்ளே வந்து வாசல் கதவைத் தாழிட்டாள். அவளுக்குத் தெரியும். காலையில் புறங்கை அந்தக் கன்னத்தில் பட்டபோதே தெரியும். ஆனால் உள் அறைக்குள் போய்க் கம்பளியை விலக்காதவரை பிள்ளை தூங்குகிறாள். மகாராணி வருகிறவரைக்கும் தூங்கட்டும். விலக்கிவிட்டால் அவ்வளவுதான், தன் கையாலேயே கனிய ஊதிய நெருப்பு அது. அழுதால் உண்மையாகிவிடும் என்று பயந்து அழாமல் இருந்தாள். மாவு பிசைந்து, தேங்காய் துருவிப் போட்டு, ஸ்வேதாவுக்குப் பிடித்த மாதிரி உள்ளங்கை அகலத்தில் ரொட்டி தட்டினாள்.

மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது. தகர ஓட்டைகள் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் வெள்ளையாக நுழைந்து, ஈரச் சாம்பல் வாசனையோடு பாத்திரங்களுக்கு நடுவில் பரவி, சுவரிலிருந்த முருகன் படத்தை முதலில் மங்கலாக்கிப் பிறகு மறைத்தது. வெளியே நாய்கூடக் குரைக்கவில்லை. ரொட்டி கருகும் வாடை வந்தது. அவள் திருப்பிப் போடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

உள் அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

கால்கள் தரையில் பட்டன. ஒன்று. இன்னொன்று.

பிறகு ஒரு இருமல்.

பத்து நாளாக அவள் வெறுத்த இருமல். அதைக் கேட்டதும் குஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "எஞ் சாமி, எஞ் சாமி" என்றாள். கதவு திறந்தது. கலைந்த தலையும் பச்சை ஸ்வெட்டருமாக ஸ்வேதா நின்றாள்.

"குளுருது அம்மாயி."

"வாடி, எந் தங்கம். அம்மாயி மடிக்கு வா."

பிள்ளை வந்து மடியில் ஏறியது. வழக்கம்போல இரண்டு பாதங்களையும் அவள் வயிற்றில் வைத்தது. நாள்தோறும் அந்தக் கால்கள் சற்று நேரத்தில் சூடேறிவிடும். இன்று அவள் வயிறுதான் குளிர்ந்துகொண்டே போனது. கிழவி தேய்த்தாள். ஊதினாள். முந்தானையால் மூடினாள். அவள் மூச்சு புகையாக வெளியே வந்தது. பிள்ளையின் வாயருகே எதுவும் வரவில்லை.

"தேத்தண்ணி குடிக்கிறியா?"

இல்லை என்று தலையசைத்தது.

"ரொட்டி?"

தலையசைத்தது. கன்னம் சிவப்பாக இருந்தது. அந்தக் கண்கள் அவளையே பார்த்தன. இமைக்கவில்லை.

குஞ்சம்மாளுக்குப் பயமாக இருந்தது. தன் பிள்ளையிடம் தனக்கே பயம் என்பது அதைவிடப் பெரிய துக்கமாக இருந்தது. இறுக்கிக்கொண்டாள். எதுவாக இருந்தாலும் சரி. மடி காலியாக இல்லை.

மேட்டில் பஸ் ஹாரன் கேட்டது.

படிகளில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டும் சத்தம். பிள்ளையை இடுப்பில் சாய்த்தபடி எழுந்து தாழை நீக்கிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா, இருட்டுல ஒக்காந்திருக்க?" மகாராணி லைட்டைப் போட்டாள். கையில் துணிக்கடைப் பை. முகம் முழுக்கச் சிரிப்பு. தாயைப் பார்த்தாள். தாயின் மடியைப் பார்த்தாள். "எங்கம்மா எம்புள்ள? இன்னுமா தூங்குறா? இரு, நான் எழுப்புறேன்."

மடியிலிருந்த பிள்ளை அசையவில்லை.

மகாராணி உள் அறைக்குள் போனாள். "அடியேய் கழுத, அம்மா வந்துருக்கேன் பாரு." சிரிப்பு கேட்டது. "ஸ்வேதா." கட்டில் கிரீச்சிட்டது. "ஸ்வேதா? ஏய்... ஸ்வேதா!"

அப்புறம் வந்தது பேச்சல்ல. மனிதக் குரல் என்றே சொல்ல முடியாத சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் சின்னத்தாயி பாத்திரத்தைக் கீழே போடுவது கேட்டது.

உள் அறை வாசலில் மகாராணி இரு கைகளிலும் சுமந்தபடி வந்து நின்றாள். குஞ்சம்மாளின் ஓரக்கண்ணில் கம்பளியின் நுனி தெரிந்தது. பச்சை ஸ்வெட்டரின் கை ஒன்று விறைப்பாகத் தொங்குவது தெரிந்தது.

"அம்மா... என்னம்மா செஞ்ச எம்புள்ளய? இங்க பாரும்மா. ஒரு தடவ பாரும்மா!"

குஞ்சம்மாளின் தலை மெல்லத் திரும்பியது.

சில்லென்ற சின்ன விரல்கள் அவள் மோவாயைப் பிடித்துத் தன் பக்கமாகத் திருப்பின.

"அங்க பாக்காத, அம்மாயி."

அவள் பார்க்கவில்லை. மகள் தரையில் விழுந்து கதறக் கதற, அந்தச் சிவந்த கன்னத்தில் தன் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு, முதுகைத் தட்டித் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.