ஈரப்பாறையின் வயது

மலைக்காட்டுக் குடியிருப்பான ஈரப்பாறைக்கு வயது பதினொன்று என்று பாசிமானி சொன்னது. அங்கே குடியிருந்தவர்கள் ஏழு தலைமுறை என்றார்கள்.

பொற்கொடி மூன்று மரங்களில் அளந்து பார்த்தாள். மூன்றிலும் அதே எண். ஐம்பது ஆண்டுக்குக் குறைவாகக் காட்டில் வாழ்ந்தவர்கள் சமவெளிக்கு இறங்கிவிட வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. மனசில்லாமல்தான் அறிக்கையை எழுதினாள்.

பாசிமானியை உருவாக்கியவளே அவள்தான். பட்டாவும் பத்திரமும் இல்லாதவர்களுக்கு மரங்களாவது சாட்சி சொல்லட்டும் என்று நினைத்துச் செய்த கருவி அது. குழம்புக்குப் போடுகிறோமே, அந்தக் கல்பாசிக்கு வேர் கிடையாது. காற்றில் வருவதை உறிஞ்சியே வளரும். நடுவிலிருந்து வட்டமாக விரிவதால் விளிம்பு இந்த வருஷத்தது, நடு மிகப் பழையது. பக்கத்தில் விறகடுப்பு எரிந்தால் புகையிலுள்ள பொட்டாசியம் அதில் ஏறும். வண்டிகள் ஓடினால் இரும்பு ஏறும். கருவியின் ஒளிமுனையை நடுவிலிருந்து விளிம்புவரை நகர்த்தினால், அந்த இடத்தில் மனிதர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்பது திரையில் வந்துவிடும்.

அன்று வீராயி என்ற பளியர் பழங்குடிப் பெண் மட்டும் அருகில் வந்து எட்டிப் பார்த்தாள். கல்பாசி எடுத்து விற்றுப் பிழைப்பவள். பொற்கொடியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம்.

"நடுவுல ஏம்மா பாக்குறீக? நடுப்பாசியில வாசமே இருக்காது. வயசானது தங்கிட்ட உள்ளதையெல்லாம் ஓரத்துக்குக் குடுத்துரும். நாங்க ஓரத்தத்தான் எடுப்போம்."

வாசனையை அல்ல, தனிமங்களை அளக்கிறோம் என்று பொற்கொடி பொறுமையாக விளக்கினாள். வீராயி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இரண்டு மாதத்தில் இருபத்தாறு குடும்பங்களும் அடிவாரத்துத் தொகுப்பு வீடுகளுக்கு இறங்கின.

ஆறு ஆண்டுகள் கழித்துப் புதிய பாசிமானிகள் வந்தன. அவற்றைச் சோதிக்க, மலைமேல் ஒரு பழைய விடுதியின் சமையற்கட்டை ஒட்டிய மரத்தைப் பொற்கொடி தேர்ந்தெடுத்தாள். அங்கே எழுபது ஆண்டுகளாக விறகடுப்பு எரிகிறது. விடுதியின் பதிவேட்டிலேயே இருந்தது. கருவி பன்னிரண்டு என்றது.

பழுதாக இருக்கும் என்று வேறொன்றை வைத்தாள். பன்னிரண்டு.

அந்தப் பாசியை மரப்பட்டையோடு பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தாள். எங்கே போனாலும் தனியாகக் கண்டுபிடிக்கும்படி அடையாளமிட்ட பொட்டாசியத்தில் ஒரு சொட்டை நடுவில் விட்டு, மழைக்காலம் முழுவதும் வாராவாரம் அளந்தாள். அது நகர்ந்துகொண்டே போய் விளிம்பைச் சேர்ந்தது. கொஞ்சம் மேலே தெளித்த நீரோடும் போனது. இரும்பு அப்படி இல்லை. நேற்று விழுந்த இரும்புகூட வயதான நடுப்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டு, பழைய காலத்தது போலவே நின்றது.

வீராயி சொன்னது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தாள். பதினெட்டே ஆண்டுகளுக்கு முன் கட்டிய சொகுசு விடுதி ஒன்றுக்குக் கருவி அறுபத்துநான்கு கொடுத்திருந்தது. விறகு எரித்தவர்களை நேற்று வந்தவர்கள் என்றும், வண்டியில் வந்தவர்களைப் பூர்வகுடிகள் என்றும் நாற்பத்தொரு ஊர்களில் சொல்லியிருந்தது.

மறுநாளே தொகுப்பு வீட்டுக்குப் போய் வீராயியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். வீராயி திட்டவில்லை.

"எறங்குன ரெண்டாங்கோடையில எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. வெக்க தாங்கல அவருக்கு. மேல கொண்டுபோயி அடக்கம் பண்ணக்கூட விடல" என்றாள். பிறகு, எப்போது மேலே போகலாம் என்று கேட்டாள்.

கணக்கைத் திருத்திய கருவியோடு இருவரும் ஈரப்பாறைக்கு ஏறினார்கள். ஆறு மழைக்காலமாக அங்கே புகை இல்லை. ஏழு தலைமுறை அடுப்புகளின் பொட்டாசியம் விளிம்புக்கு நகர்ந்து, மழையில் கரைந்து போயிருந்தது. எந்த மரத்தில் வைத்தாலும் கருவி சுழியம் காட்டியது. இந்த முறை அது பிழையாக அளக்கவில்லை.

காட்டில் யார் இருக்கலாம் என்று முடிவு செய்யும் எல்லை ஆணையத்தின் தலைவர் அருளானந்தம் நல்ல மனிதர். பொற்கொடி சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். அளவை விட்டுவிடுங்கள், முதல் அறிக்கை தவறு, அந்த மக்கள் சொன்னதே உண்மை என்று நானே கையெழுத்திட்டுச் சாட்சி சொல்கிறேன் என்றாள் அவள்.

அவர் விதிப்புத்தகத்தைத் திறந்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒன்பதாம் விதி: மனிதரின் நினைவும் வாய்மொழியும் சான்றாக ஏற்கப்படா. எஸ்டேட்காரர்கள் காசு கொடுத்துப் பொய்ச்சாட்சி பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஏழைகளைக் காப்பாற்ற அவளே போராடிச் சேர்த்த வரி அது.

"நீங்க சொல்றத நான் நம்புறேன்மா. ஆனா நான் நம்புறது சான்று ஆகாது. இந்த விதி நீங்க எழுதுனதுதான்."

அவள் வெளியே வந்தாள். தாழ்வாரத்து பெஞ்சில் வீராயி மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா சொன்னாக?"

"நான் சொன்னா செல்லாதாம்க்கா. வாய்ப்பேச்சாம்."

"நீங்க சொன்னாலுமா?"

பொற்கொடி தலையை மட்டும் ஆட்டினாள். வீராயி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டாள்.