பட்டியலில் புரூனோ

பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

கணினியில் ஓடும் நிரல்களின் பட்டியல். முப்பது வருடப் பழக்கத்தில், தெருக்கோடியில் நிற்கும் முகங்களைப் போல, நெலிடாவுக்கு அதன் ஒவ்வொரு வரியும் தெரியும். புதிய வரியின் பெயர் புரூனோ. நிலை: இறந்தது.

புரூனோ அவளுடைய மகன். தான் எழுதிய முதல் நிரலுக்குத் தன் பெயரையே வைத்திருந்தான். அவன் இறந்துபோன ஜனவரியிலேயே அதை அவள் அழித்துவிட்டாள்.

இப்போது ஜூலை, அங்கே குளிர்காலம். பிற்பகல். ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி மோன்தெவிதேயோவின் கரையோர வீடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்து அவள் சன்னலில் முகம் வைத்து நிற்க, மூடிய கதவுகளைத் தாண்டி எங்கிருந்தோ சேற்று நீரின் வாடை அறைக்குள் பரவியது. நடைவழியில் ஏதோ சொட்டியது.

தாபாரேயைப் போனில் அழைத்தாள். இருவரும் சேர்ந்து எழுதி ஊருக்கெல்லாம் இலவசமாக விட்ட சின்னக் கருவிதான் செரெனோ. மற்ற நிரல்களைத் தாய்போலப் பெற்றெடுத்து, அவற்றுக்குக் காவலும் இருக்கும்.

"நம்ம செரெனோல ஒரு பிணம் நிக்குது, தாபாரே."

"ஒண்ணுதானா? அதை ஓட்டுற கொரியாக்காரன் ஒருத்தன், நீங்க என்ன மயானமா நடத்துறீங்கன்னு எழுதியிருக்கான்."

"கொன்னு பாத்தேன். போகல."

"செத்ததை எப்படிக் கொல்லுவ? முப்பது வருஷமா என்னத்தக் கிழிச்ச? பெத்தவ வந்து 'எப்படிச் செத்த?'ன்னு கேக்கணும். பிள்ளை பதிலைச் சொல்லிட்டுப் போயிரும். கேக்காத தாய்க்குப் பொறந்தா அது எங்க போய்..."

நிறுத்திக்கொண்டான்.

"நான் நிரலைச் சொன்னேன், நெலிடா."

"தெரியும்."

ஜனவரியில் கடலோரக் காவல்காரர் ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எப்படி நடந்தது என்று சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். ஆற்றில் எவ்வளவு நேரம் தத்தளித்தான், யாரைக் கூப்பிட்டான், எதுவும் அவளுக்குத் தெரியாது.

"கேக்குற வரி இருந்துச்சே. எங்க போச்சு?" என்றாள்.

விசைகள் தட்டும் ஓசை.

"நீதான் எடுத்திருக்க. ஜனவரி பதினேழு. காரணம்னு ஒரே வார்த்தை. தேவையில்லை."

அடக்கத்துக்கு மறுநாள். எடுத்த நினைவே இல்லை.

"ஒத்தை வரிதான். நான் போட்டுடட்டா?"

"வேணாம். நான் போடுறேன்."

போனை வைத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தாள். புரூனோ. புரூனோ. புரூனோ. செரெனோ மறுபடி மறுபடி பெற்றது. மறுபடி மறுபடி செத்தது. பட்டியலில் இடம் நிரம்பினால் அப்புறம் எதுவும் பிறக்க முடியாது. எல்லாம் நின்றுபோகும்.

வரியை எழுதினாள். ஒரு விசை பாக்கி.

வாடை நெருங்கியது.

திரும்பினாள்.

நடைவழியில் புரூனோ நின்றான். குளியல் கால்சட்டை. முழங்காலில் சேறு. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சின்ன வயதிலும் அப்படித்தான் நிற்பான். அவள் வேலையாக இருந்தால், அவளே கேட்கட்டும் என்று காத்திருப்பான்.

ஒரு கேள்வி. கேட்டால் சொல்லுவான். சொன்னால் போய்விடுவான்.

"குளிருதாடா?" என்றாள்.

அது அந்தக் கேள்வி இல்லை. அவன் அசையவில்லை.

அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அதே சேறு. அதே வாய்.

"சாப்பிட்டியா? சூடா மாத்தே டீ போடட்டுமா?"

இன்னொருவன். சமையலறையில் ஒருவன். படியில் இருவர். தோளோடு தோள். சொட்டு. சொட்டு.

நெலிடா கணினியின் பக்கம் திரும்பினாள். எழுதிய வரியை எழுத்தெழுத்தாக அழித்தாள்.

வீடு நிறைந்தது. அடுத்து வந்தவனுக்கு நிற்க இடமில்லை. அவன் அவள் மடியில் ஏறி உட்கார்ந்தான். இருபத்திரண்டு வயதுப் பாரம். ஈரம். தலையை அவள் தோளில் சாய்த்தான்.

அவள் காதருகே அவன் வாய் திறந்தே இருந்தது.