டெம்வாவின் பாட்டு இருந்த இடம்

"அம்மா, நீ அழிச்ச பாட்டெல்லாம் எங்க போய்த் தூங்கும்?" என்று டெம்வா ஒருமுறை கேட்டாள்.

ம்ஸுஸு நகர வானொலியில் பாட்டுக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் லுசுங்கு, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பாட்டுக்கு ஏதுடி தூக்கம், மந்தாஸி ஆறுது, தின்னு" என்றாள். மகளுக்கு அப்போது ஏழு வயது. எட்டு வரவே இல்லை.

கிடங்கு என்று பெயர்தானே தவிர, திரையில் இருப்பது, பாடியவர்களின் பெயர் போட்ட பாட்டுப் பட்டியல். ஒவ்வொரு பெயரும் தன் பாட்டு கணினியில் எந்த இடத்தில் கிடக்கிறது என்று கைகாட்டி நிற்கும். அங்கே பாட்டு இல்லாமல் போய்விட்டால் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் குறி விழும். போன மழைக்காலத்தில் இடி இறங்கி பழைய ஹார்ட் டிஸ்க் கருகியதிலிருந்து பட்டியல் முழுக்கச் சிவப்பு. மரண அறிவிப்பை வாசித்துவிட்டு, குடும்பத்தார் கேட்ட பாடலைத் தொட்டால், ஊருக்கே மௌனம்தான் கேட்கும்.

"எங்க மாமனாருக்கு நேத்து அமைதியத்தான் போட்டீங்க. மனுசன் உயிரோட இருந்தப்பகூட அவ்வளவு அமைதியா இருந்ததில்லையே" என்று ஒருவர் தொலைபேசியில் சிரித்தார். நிலைய மேலாளர் கும்வெண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"லுசுங்கு, பாட்டு வேற எடத்துல கெடந்தா பேர அங்க திருப்பி விடுங்க. இல்லாதத அழிச்சிருங்க. நாம நடத்துறது ரேடியோ, கல்லறை இல்ல."

"சரிங்கய்யா."

அழித்தாள், ஒரு பெயரைத் தவிர. ஞாயிறு பள்ளிக் குழுவில் டெம்வா தனியாகப் பாடிய ஒரே பாட்டு. மகள் போன பிறகு மிச்சமிருந்த அந்தக் குரலும் இடியில் கருகிவிட்டது. பெயர் மட்டும் சிவப்புக் குறியோடு நின்றது. வீட்டுக்குக் கிளம்புமுன் அதை ஒருமுறை பார்ப்பாள், தூங்கும் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுவதுபோல.

ஒரு பிற்பகல், அந்தக் குறியைக் காணவில்லை.

தகரக் கூரையில் தூறல் அரிசி சிந்துவதுபோல் விழுந்துகொண்டிருக்க, ஈர மண்ணும் பைன் மரப்பிசினும் கலந்த வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக வந்து அறையில் தேங்கி நிற்க, அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அந்தப் பெயரைத் தொட்டாள். வந்தது பெரியவர் ஜெரேயின் குரல், அவர் கோயிலில் பாடிய பழைய பாட்டு. கணினியே தேடி, தப்பான இடத்தைக் கைகாட்டிவிட்டது போலும் என்று நினைத்தாள். ஆனால் ஜெரே மூச்சு வாங்கும் இடங்களில் இன்னொரு சத்தம் இருந்தது. மெல்லிய முனகல். பாட்டுத் தெரியாத பிள்ளை, பெரியவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற முனகல். டெம்வா எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் பாடுவாள்.

அன்று மாலை ஜெரேயின் மகன் மரண அறிவிப்பு கொடுக்க வந்தான். "நல்லாத்தாம்மா இருந்தாரு. பாட வாயத் தெறந்தாரு, சத்தம் வரல. அப்படியே சாஞ்சிட்டாரு."

பட்டியலில் இரண்டு சிவப்புக் குறிகள் இருந்தன. ஒன்று ஜெரேக்கு. மற்றது டெம்வாவுக்கு, மறுபடியும்.

அடுத்து அந்தப் பெயர், சந்தையில் உசிபாக் கருவாடு விற்கும் எடினாவின் பாட்டைக் கைகாட்டியது. அந்த வாரமே எடினாவுக்கும் அறிவிப்பு வாசித்தார்கள். லுசுங்குவுக்கு மகள்மேல் கோபம் வரவில்லை. இருட்டில் தனியாக நிற்கிற பிள்ளை துணைக்கு ஏதோ ஒரு கையைப் பிடிக்கிறது. அவ்வளவுதான். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நிலையத்தில் அவள் மட்டும். டெம்வாவின் பெயருக்கு எதிரே குறி இல்லை. அது வெஸியின் பாட்டைக் கைகாட்டியது. வெஸி, பக்கத்து வீட்டு டோவேராவின் மகன்.

தொலைபேசி அடித்தது.

"அக்கா, வெஸி காலையிலேர்ந்து வாயத் தெறக்குறான், காத்துதான் வருது" என்றாள் டோவேரா. "தொண்டை சுத்தமா இருக்குங்கறாரு டாக்டரு. பயமா இருக்குக்கா. ஜெபம் பண்ணுங்க."

"பண்றேன். அவன மடியிலயே வச்சுக்கோ."

டெம்வாவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று லுசுங்கு வேலையில் இருந்தாள். டோவேராவின் பாயில் இரண்டு பிள்ளைகளும் கொதித்துக்கொண்டு கிடந்தார்கள். டோவேராவுக்கு இருந்தது ஒரு முதுகு. தன் பிள்ளையைப் பாயிலேயே விட்டுவிட்டு, நம்பி ஒப்படைத்த பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அதைப்பற்றி இன்றுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

லுசுங்கு டெம்வாவின் பெயரை அழித்தாள். விரலைக் கடித்துக்கொண்டு, ஒரே அழுத்தில். பெயர் போனது.

மின்விசிறி நின்றது. காலையிலிருந்து விழுந்துகொண்டிருந்த தூறலும் நின்றது. பட்டியலின் அடியில், ஒவ்வோர் எழுத்தாக, பெயர் திரும்ப வந்தது. வெஸியைக் கைகாட்டியபடியே.

மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது.

ஹெட்ஃபோன் மேசைமேல்தான் கிடந்தது. அதற்குள்ளிருந்து முனகல். அவசரமாக. பசித்த பிள்ளைபோல.

லுசுங்கு எழுந்து ஒலிப்பதிவு அறைக்குள் போனாள். ஊரார் பாட்டையெல்லாம் ஒழுங்குபண்ணியவள், மகளோடு உட்கார்ந்து ஒரு பாட்டுக்கூடப் பாடியதில்லை. மைக்கின் முன் நின்று, ஆண்டவரை நினைத்துக்கொண்டு, தெரிந்த ஒரு துதியைக் கடைசிவரை பாடினாள். அதைச் சேமித்தாள். மேசைக்குத் திரும்பி உட்கார்ந்து, டெம்வாவின் பெயரைப் பிடித்து, தன் பாட்டின் பக்கம் திருப்பினாள்.

"அவன விட்டுரு கண்ணு. அம்மாகிட்ட வா."

தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

"அக்கா, பேசிட்டான். கஞ்சி கேக்குறான்க்கா." பின்னால் வெஸியின் சிரிப்பு கேட்டது. "அக்கா? இருக்கீங்களா?"

லுசுங்கு வாயைத் திறந்தாள்.

காற்று.

"லைன் போச்சு போல" என்று யாரிடமோ சொல்லிவிட்டு டோவேரா வைத்துவிட்டாள்.

ஹெட்ஃபோனில் இப்போது இரண்டு குரல்கள். ஒன்று அவளுடையது. மற்றது பிந்தவில்லை.

பிடரியில் சூடான மூச்சு. நாற்காலி முனகியது. ஜுரத்தில் கொதிக்கும் இரண்டு சிறிய கைகள், பின்னாலிருந்து, கழுத்தைச் சுற்றிக்கொண்டன.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து, குனிந்து, இடுப்பில் சுற்றியிருந்த சிட்டெஞ்சே துணியை அவிழ்த்து முதுகின்மேல் வீசினாள். இரு முனைகளையும் மார்பில் இழுத்து முடிந்தாள்.

துணி நழுவவில்லை. அதற்குள் கனமாக, ஈரமாக ஏதோ ஒன்று, வசதியாகக் காலை மடக்கிக்கொண்டது.