முதுகுப் பக்கத்து ஜிப்

காற்றைத் திறந்துவிட்ட பிறகும் அந்த மஞ்சள் உடை சரிந்து விழவில்லை.

தலை முதல் பாதம் வரை ஒரே துண்டாக மூடும் ரசாயனக் காப்பு உடை. கசிவு இருக்கிறதா என்று பார்க்க, காற்றடித்து ஆள் போல உப்பவைத்து, பிறகு அடைப்பைத் திறந்தால், பெருமூச்சு விட்டபடி சுருண்டு படுத்துவிடும். உடை அறைக்குப் பொறுப்பான அவள் எத்தனையோ தடவை பார்த்த காட்சி. ஜன்னலே இல்லாத அந்த அறையில் குழல்விளக்கு ரீங்கரித்தது. ரப்பர் வாடைக்கும் பவுடர் வாடைக்கும் அடியில், இன்று புதிதாக ஒரு தித்திப்பு வாடை, அழுகத் தொடங்கிய பழம் போல. போன வருடம், அண்ணனின் தலைமுடியில் கடைசியாக முகர்ந்த வாடை.

இதே உடையில்தான் அண்ணன் தொட்டிக்குள் இறங்கினான். உடை அமிலத்துக்கானது. தொட்டியில் இருந்ததோ கரைப்பான். அது ரப்பரைக் கிழிக்காது, ஓட்டை போடாது. சத்தமில்லாமல் ஊறி மறுபக்கம் வந்துவிடும். அதனால்தான் இந்த உடையில் சிவப்பு நாடா கட்டிக் கழிவு மூலையில் ஒதுக்கியிருந்தாள். "கிழிசலே இல்லாததை எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்று நாடாவை அவிழ்த்து, மறுபடி கொக்கியில் மாட்டியவர் சூப்பர்வைசர்.

உடையின் நெஞ்சில் கைவைத்து அழுத்தினாள்.

அது திருப்பி அழுத்தியது.

கதவு படாரென்று திறந்தது. குள்ளமான சூப்பர்வைசர் முன்னால். இன்று தொட்டியில் இறங்க வேண்டிய தொழிலாளி நெட்டை பின்னால்.

"என்னம்மா, டெஸ்ட் பாஸா?"

"காத்து கசியல சார். ஆனா அந்தத் தொட்டிக்கு இது ஆகாது. கரைப்பானுக்குன்னு இருக்கிற வெள்ளி உடை வரட்டும்."

"எவ்ளோ தடியா இருக்கு பாரு! இதுக்குள்ள எது நுழையும்?"

"எங்க அண்ணன்கிட்டயும் இதையேதான் சொன்னீங்க."

அவர் காதுமடல் சிவந்தது. "துணி மடிக்கிற வேலைதானே உனக்கு? அப்படியே வாயையும் மடிச்சு வை. டேய் நெட்டை, மாட்டுடா."

"அக்கா சரின்னாதான் சார். எனக்கு ஸ்டாக்ல ஒரே ஒரு உயிர்தான் இருக்கு."

அவள் உடைக்கு முன்னால் போய் நின்றாள். "ஜிப் முதுகுல இருக்கு. இன்னொருத்தர் இழுத்தாத்தான் மூடும். நான் இழுக்க மாட்டேன். அவ்வளவு நம்பிக்கை இருந்தா நீங்களே போட்டுக் காட்டுங்க."

"காட்டறேன்டி!"

அதுவரை விறைத்து நின்ற உடை, அவர் கை பட்டதும் குழைந்துகொடுத்தது. ஜிப்பை இறக்கிவிட்டுக் காலை நுழைத்தார். கையை நுழைத்தார். அண்ணன் உயரத்துக்கு எடுத்த உடை. அவர் முகம் முகக்கண்ணாடியின் அடி விளிம்பில்தான் தெரிந்தது.

"இழு ஜிப்பை!" உள்ளேயிருந்து குரல் மங்கிக் கேட்டது.

நெட்டை கையைக் கட்டிக்கொண்டான். அவளும்தான்.

க்ர்ர்ர்.

ஜிப் நகர்ந்தது. இடுப்பிலிருந்து மேலே. ஒவ்வொரு பல்லாக. யாரும் தொடவில்லை.

பயத்தோடேயே பாய்ந்து, இழுப்பானைப் பற்றிக் கீழே இழுத்தாள்.

"விடுண்ணா! இதுக்குள்ள இனி ஒருத்தரும் சாகக் கூடாதுன்னுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். இவரும்தான். விடு!"

நெட்டையும் சேர்ந்து இழுத்தான். பயனில்லை. கழுத்தைத் தாண்டியது. மூடிக்கொண்டது.

மேஜையிலிருந்த கத்தரிக்கோலைப் பறித்துக்கொண்டு முன்பக்கம் ஓடினாள். கண்ணாடியின் அடியில் சூப்பர்வைசரின் மூச்சு, வேகவேகமாக, வெள்ளையாகப் படிந்து மறைந்தது.

அதற்கு நாலு விரல் மேலே இன்னொரு மூச்சு. நிதானமாக.

"யாரா இருந்தாலும் சரி, கிழிக்கத்தான் போறேன்!"

கத்தரியை ஓங்கினாள். மஞ்சள் கையுறை உயர்ந்து அவள் மணிக்கட்டை இறுகப் பற்றியது. இன்னொரு கையுறை கத்தரியை நோக்கி மெல்ல வந்தது.

கண்ணாடிக்கு உள்ளே, சூப்பர்வைசரின் வெறுங்கைகள் இரண்டும் பிறாண்டிக்கொண்டிருந்தன.