புழக்கடை வாளி

காலை ஆறு மணி. களமருதூரில் பெரியவர் செல்லமுத்துவின் வீட்டுப் புழக்கடை. படிக்குக் கீழே பெரியவர் மண்டை உடைந்து குப்புறக் கிடந்தார். மனசாரக் கதறியவள் ஒருத்திதான், மூத்த மருமகள் கோகிலவாணி. புருஷன் செத்துப் போன பிறகும் மாமனாருக்காக இங்கேயே கிடந்தவள்.

"நான்தாங்க கொன்னுட்டேன். நீர் மாத்திரையைக் காலையிலதான் குடுக்கணும்னாரு டாக்டரு. நேத்து மறந்துட்டு ராத்திரி குடுத்துட்டேன்."

"அதேதான் மேடம்," என்றான் சென்னையிலிருந்து வந்திருந்த இளைய மகன் இளமாறன். "ராத்திரி பூரா ஒன்னுக்குப் போய்க்கினே இருந்தாரு. நாலு தபா போய்ட்டு வந்து படுத்தாரு. அப்புறம் நான் தூங்கிட்டேன். இவங்க மேல கேஸு போடுங்க."

அழுகிறவளைக் காட்டிக் கொடுக்க என்ன அவசரமோ! இன்ஸ்பெக்டர் ஜெயசுதா படிக்கல்லைப் பார்த்தாள். ரத்தமில்லை. பின்கதவோரம் ஒரு வாளி, விளிம்புவரை தண்ணீர். மேலே வேப்பம்பூ மூடிக் கிடந்தது.

"இது எதுக்கும்மா?"

"காலு கழுவறதுக்குங்க. ஒன்னுக்குப் போய்ட்டு காலு கழுவாம மாமா உள்ள அடி வைக்க மாட்டாரு. சாயங்காலம் ரொப்பி வைப்பேன். விடியறப்ப பாதிகூட இருக்காது."

"இன்னிக்கு ரொப்பினியா?"

"எங்கங்க? கதவைத் தொறந்தா இப்பிடிக் கெடக்கறாரு."

"டார்ச்சு இல்லாம போவாரா?"

"போவவே மாட்டாரு."

டார்ச்சு தலைமாட்டில் இல்லை, புழக்கடையிலும் இல்லை. இளமாறனின் பையில் துண்டுக்குள் சுருட்டியிருந்தது. கண்ணாடி உடைந்து, கைப்பிடியில் ரத்தக்கறை.

"நாலு தபா வந்து படுத்தவரு ஒரு சொட்டுத் தண்ணி எடுக்கலியே, எப்பிடிய்யா?" என்றாள் ஜெயசுதா. "மொத தபா வெளிய வந்தவரை நீ உள்ள வரவே வுடல. காலையில இவ மாத்திரையைச் சொல்லி அழுதா. அதைப் புடிச்சிக்கினு கதை கட்டின. ரூமுக்குள்ளயே பாத்ரூம் வச்சிருக்கறவனுக்கு, அப்பன் காலு கழுவறது ஞாபகத்துல இல்ல."

இளமாறன் தலையைத் தொங்கப் போட்டான். "வூட்டை அண்ணி பேருக்கு எழுதறேன்னாரு..."

கோகிலவாணிக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. "மாத்திரையால இல்லியா மேடம்?" என்று மறுபடி மறுபடி கேட்டாள். இல்லைம்மா, இல்லைம்மா என்று ஜெயசுதாவும் சலிக்காமல் சொன்னாள்.

சாயங்காலம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. வாசலில் இறக்கினார்கள். கோகிலவாணி அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூவை ஒதுக்கி, குவளையில் மொண்டு, பெரியவரின் காலில் ஊற்றினாள்.

"கழுவிட்டேன். உள்ள வாங்க மாமா."